தெரிந்தும் செய்ய முடியாதவர்களுக்கு: ஏடிஎச்டியும் தெரபியும் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு, இருப்பது 36 வயதில்தான் தெரியவந்தது. அதன் பிறகு இரண்டு தெரபிஸ்ட்டுகளிடம் போனேன். ஒருவரிடம் போய்வந்ததில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இன்னொருவரிடம் நிறைய நடந்தது. ஏன் அப்படி என்று தேடிப் படிக்கப்போய், தெரிந்தவர்கள் எல்லாம் என்னிடமே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. நான் மருத்துவன் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான்.

ஏடிஎச்டி மூளை சம்பந்தப்பட்டது என்கிறார்கள். அப்புறம் பேசிப் பேசி என்ன ஆகப்போகிறது?

நியாயமான சந்தேகம். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், ஏடிஎச்டியில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்கின்றன. ஒருவருடைய உயரத்தில் மரபுக்கு இருக்கும் பங்குக்கு இது கிட்டத்தட்டச் சமம். வளர்ப்பு சரியில்லாமல் வருவதும் இல்லை, பேசினால் போய்விடுவதும் இல்லை.

ஆனால் ஏடிஎச்டியோடு வாழ்பவரைத் தினமும் வாட்டுவது எது என்று பாருங்கள். கட்டணம் கட்ட வேண்டும் என்று தெரியும். பணமும் இருக்கிறது. போனில் இரண்டு நிமிட வேலை. இருந்தும் கடைசி நாள் தாண்டிப்போய் அபராதத்தோடு கட்டுகிறோம். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடிவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக அழுத்திச் சொல்லிவருவது இதைத்தான். அதனால்தான் நமக்கு அறிவுரை ஒட்டுவதில்லை. அந்த வேலை எந்த இடத்தில், எந்த நிமிடத்தில் நடக்க வேண்டுமோ அங்கே போய் நிற்கிற உதவிதான் ஒட்டும். நல்ல தெரபி அந்த இடத்தைத் தேடிப் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. பிறவியில் வந்த அந்தக் கோளாறின் மேல் வருடக்கணக்கில் வேறு சில படிந்துவிடுகின்றன. தள்ளிப்போடுவது, பிரிக்காத கடிதங்களைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பது, ‘நான் எப்போதும் இப்படித்தான்’ என்று இறங்கும் முன்பே தோற்றுப்போவது. இவை மரபணுவில் இல்லை. அடிபட்டு அடிபட்டுப் பழகிக்கொண்டவை. பழகியதை மாற்றிப் பழக முடியும்.

அப்படியானால் ஏடிஎச்டி குணமாகாதா?

ஆகாது. குணமாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். சேதம் குறையும், அதுவும் நிறையவே.

மாத்திரையா, தெரபியா?

இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி நடக்கும் சண்டை பழையது. ஓரளவு விடை கிடைத்த சண்டையும்கூட.

அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து 14 மாதம் நடந்த எம்டிஏ ஆய்வின் முடிவு 1999இல் வெளிவந்தது. கவனச்சிதறல், துறுதுறுப்பு ஆகிய மூல அறிகுறிகளை மட்டும் பார்த்தால், அளவு பார்த்துக் கவனமாகத் தரப்பட்ட மருந்து, நடத்தை சிகிச்சை மட்டும் தந்ததை முந்தியது. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து கிடைத்த குழந்தைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. பதற்றம், பெற்றோருடனான உறவு போன்றவற்றிலும் சேர்த்துத் தந்த சிகிச்சை ஒரு படி மேலே நின்றது.

பெரியவர்கள் விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆய்வு ஸ்டீவன் சாஃப்ரனும் அவர் குழுவும் 2010இல் வெளியிட்டது. மருந்து எடுத்தும் தொல்லை தீராத 86 பேர். ஒரு பாதிக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சிபிடி. மறு பாதிக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சியும் ஏடிஎச்டி பற்றிய விளக்கமும். சிபிடி கிடைத்தவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன; பலன் பெற்றவர்களிடம் அது அடுத்த பல மாதங்களுக்கும் நீடித்தது. ‘மருந்து எடுத்தும்’ என்பதைக் கவனியுங்கள். மாத்திரை என்னை மேசை முன் உட்காரவைத்தது உண்மை. உட்கார்ந்த பிறகு மூன்று மணி நேரம் தேவையே இல்லாத ஒரு கோப்புக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்ததும் உண்மை.

மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்தவர்கள்? சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்டது, இத்தகைய பெரியவர்களுக்கு மருந்தில்லாத சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. மருந்தில்லாமல் தெரபி மட்டும் எடுத்தாலும் பலன் உண்டு. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். எப்படியானாலும், எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

அறைக்குள் அப்படி என்னதான் நடக்கும்?

சினிமாவில் வருவதுபோல சாய்ந்து படுத்துக்கொண்டு கனவுகளைச் சொல்வதில்லை. ஏடிஎச்டிக்கான சிபிடியை எட்டிப்பார்த்தால் ஏதோ அலுவலகக் கூட்டம் என்று நினைப்பீர்கள். காலண்டர் இருக்கும். ஒரு பட்டியல் இருக்கும். ஒன்றே ஒன்று. என் முதல் மாத வேலையே ஏழு இடங்களில் சிதறிக் கிடந்த பட்டியல்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்ததுதான்.

அடுத்தது வெட்டுவது. ‘வருமான வரிக் கணக்கை முடிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். தெரபிஸ்ட் கேட்டார்: “இதைப் பார்த்ததும் வயிற்றில் என்ன ஆகிறது?” பிசைகிறது என்றேன். “அப்படியானால் இன்னும் வெட்ட வேண்டும்.” வெட்டிக்கொண்டே போனோம். கடைசியில் மிஞ்சியது: ‘அந்தக் கவரை எடுத்து மேசைமேல் வைப்பது.’ சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று மாதமாக அந்தக் கவர் அலமாரியில்தான் இருந்தது. அன்று மாலை மேசைக்கு வந்தது.

பிறகு நேரம். நம்மில் பலருக்கு ‘இப்போது’, ‘இப்போது இல்லை’ என்று இரண்டே பொழுதுகள்தான். ஒரு வாரம் முழுக்க, ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முதலில் ஊகித்து எழுதி, அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து நிஜத்தை எழுதச் சொன்னார். குளித்து உடுத்தி வீட்டைவிட்டுக் கிளம்ப 15 நிமிடம் என்று எழுதினேன். 40 ஆனது, ஐந்து நாளும். இருபது வருடமாக நான் ஏன் எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போனேன் என்பதற்கு விடை ஒரு சின்னத் தாளில் இருந்தது.

கவனம் சிதறுவதற்கும் ஒரு எளிய உத்தி உண்டு. வேலைக்கு நடுவே ‘அந்தச் செருப்பு தைக்கக் கொடுத்தோமே’ என்று ஏதாவது எழும். அதை அடக்கவும் வேண்டாம், பின்னால் ஓடவும் வேண்டாம். பக்கத்தில் இருக்கும் தாளில் எழுதிவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். பிறகு பார்க்கும்போது பாதி விஷயங்களுக்கு அவசரமே இருக்காது.

ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த ‘நடந்தால் செய்வேன்’ திட்டமும் இதில் வரும். ‘நாளை உடற்பயிற்சி செய்வேன்’ என்று சொல்லாமல், ‘பல் துலக்கி முடித்ததும் ஷூவை மாட்டுவேன்’ என்று ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுவது. ஏடிஎச்டி உள்ள குழந்தைகளிடம் இதைச் சோதித்தபோதும் அவர்களால் தங்களை அடக்கிக்கொள்ள முடிந்தது கூடியிருக்கிறது.

எண்ணங்களை மாற்றுவதுதான் சிபிடி என்று படித்தேன். இதில் எண்ணம் எங்கே வருகிறது?

வருகிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. மனச்சோர்வில் எண்ணங்கள் இருண்டு கிடக்கும். ஏடிஎச்டியில் நம்மைக் கவிழ்ப்பவை பல சமயம் இனிப்பான எண்ணங்கள். ‘இன்னும் நேரம் இருக்கு.’ ‘நெருக்கடி வந்தால்தான் எனக்கு வேலை ஓடும்.’ ‘இந்த ஒரு வீடியோ மட்டும்.’ ‘மறக்க மாட்டேன், எழுதி வைக்க வேண்டியதில்லை.’ கேட்க எவ்வளவு தன்னம்பிக்கை! பெரியவர்களின் ஏடிஎச்டியை ஆராய்பவர்கள் தள்ளிப்போடுவதற்குத் துணைபோகும் இந்த வகை எண்ணங்களைத் தனியாகவே கவனிக்கிறார்கள். தெரபியில் இவற்றைப் பிடித்துப் பெயர் வைக்கக் கற்றுக்கொள்கிறோம். ‘மறக்க மாட்டேன்’ என்று மனம் சொன்னவுடன் பேனாவைத் தேட வேண்டும் என்பது எனக்கு இப்போது அனிச்சையாகிவிட்டது. பேனா கிடைப்பது வேறு கதை.

டைரி, ஆப், அலாரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதுவும் இரண்டு வாரம் தாண்டவில்லை.

தாண்டாது. புதுமை தீர்ந்ததும் நம் மூளை அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும். நாம் ‘இதுவும் தோல்வி’ என்று குறித்துக்கொண்டு அடுத்த ஆப்பை இறக்குவோம். தெரபியில் அந்தப் பதினைந்தாம் நாளையும் திட்டத்திலேயே சேர்த்து வைப்பார்கள். அலாரம் கேட்காமல் போகத் தொடங்கியதும் அதன் ஒலியை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா, வேறு ஆளைக் கூட உட்காரவைப்பதா என்று பேச ஒருவர் இருக்கிறார். உத்திகளைவிட இது முக்கியம் என்றே சொல்வேன். உத்திகள் எங்கும் கிடைக்கின்றன. விட்டுப்போனதை மறுபடி எடுப்பதற்குத்தான் ஆள் தேவைப்படுகிறது.

தெரபிஸ்ட் தரும் வீட்டுப்பாடத்தையே செய்ய முடியவில்லையே?

வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்ய முடிந்திருந்தால் அங்கே போயிருக்கவே மாட்டோம். செய்யாமல் போனதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த நொடியில் நழுவியது என்று பார்ப்பதுதான் அன்றைய பாடம். தாள் தொலைந்ததா, ஞாபகம் வரவில்லையா, ஞாபகம் வந்தும் எரிச்சலாக இருந்ததா? மூன்றுக்கும் வைத்தியம் வேறுவேறு. முகம் சுளிக்கிற தெரபிஸ்ட்டாக இருந்தால் ஏடிஎச்டி அவருக்குப் பழக்கமில்லை என்று அர்த்தம்.

சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருகிறது, யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நாள் முழுக்க வலிக்கிறது. இதுவும் ஏடிஎச்டியா?

நோயறியும் அளவுகோலில் இது இல்லை. ஆனால் ஏடிஎச்டி உள்ளவர்களில் பலருக்கு உணர்ச்சி சட்டென்று ஏறும், இறங்க நேரமெடுக்கும். கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தர அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி என்ற சிகிச்சைமுறையை ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஏடிஎச்டிக்கு ஏற்றபடி மாற்றிக் குழுவாக நடத்தினார்கள். கோபம் ஏறுவதை உடலில் முதலில் எங்கே உணர்கிறோம் என்று கண்டுபிடிப்பது, பதில் அனுப்பும் முன் இடத்தைவிட்டு எழுவது, இப்படிப்பட்ட பயிற்சிகள். எனக்குக் காது சூடாகும். அது தெரிந்துகொள்ள எட்டு வாரம் ஆனது. தெரிந்த பிறகு அனுப்பாமல் விட்ட மெசேஜ்களின் எண்ணிக்கை கணிசம்.

வாழ்க்கை முழுக்க ‘சோம்பேறி’, ‘புத்திசாலிதான், ஆனால் முயற்சி இல்லை’ என்றே கேட்டு வளர்ந்தேன். இப்போது தெரிந்து என்ன பயன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெண்கள் அதிகம். வகுப்பில் ஓடிக்கொண்டிருந்த பையனை எல்லோரும் பார்த்தார்கள்; ஜன்னல் ஓரம் கனவில் இருந்த பெண்ணை யாரும் பார்க்கவில்லை. துறுதுறுப்பு இல்லாத, கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய வகை அது. அமைதியாக இருப்பதால் பிடிபடாமலே போய்விடும்.

பெயர் தெரிந்ததும் முதலில் நிம்மதி வரும். அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல், துக்கம் வரும். இருபது வருடம் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் படிப்பு, அந்த வேலை, அந்த உறவு... இந்தக் கணக்கைத் தனியாகப் போட்டுக்கொண்டு உட்காருவது நல்லதில்லை. தெரபியில் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். வெட்கம் வெறும் உணர்ச்சியாக நிற்பதில்லை என்பதும் ஒரு காரணம். வெட்கப்படுபவர் கடிதத்தைப் பிரிக்க மாட்டார், மேலாளரிடம் ‘தாமதமாகும்’ என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார். ஆக வெட்கம் குறைந்தால் வேலையும் நடக்கும்.

அதே சமயம் என் முதல் தெரபிஸ்ட்டிடம் நான்கு மாதம் இதை மட்டுமே பேசினோம். ஒவ்வொரு முறையும் மனம் லேசாகித் திரும்பினேன். பிரிக்காத கடிதக் குவியல் அப்படியே இருந்தது. இரண்டும் வேண்டும்.

என் குழந்தைக்கு ஐந்து வயது. தெரபிக்கு அழைத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் பயிற்சி உங்களுக்குத்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019இல் தந்த வழிகாட்டுதலின்படி, 4 வயது முதல் 6 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு முதல் சிகிச்சையே பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சி. ஆறு வயதுக்குப் பிறகு மருந்தும் இத்தகைய பயிற்சியும் சேர்ந்து. ஐந்து வயதுக் குழந்தையை ஓர் அறையில் உட்காரவைத்து, ‘நீ ஏன் ஓடுகிறாய்?’ என்று முக்கால் மணி நேரம் கேட்பதால் ஒன்றும் ஆகாது.

‘எங்கள் வளர்ப்பில் குறையா?’ என்று பெற்றோர் உடனே சுருங்கிவிடுகிறார்கள். இல்லை. மற்றக் குழந்தைகளுக்குச் சாதாரண வளர்ப்பு போதும், இந்தக் குழந்தைக்குக் கூடுதல் நுணுக்கம் வேண்டியிருக்கிறது. தூரத்தில் இருக்கும் பரிசு இவர்களுக்குப் பரிசே இல்லை. ‘வருடக் கடைசியில் சைக்கிள்’ என்பது காற்றில் போய்விடும். ‘ஷூவை எடுத்து வைத்தாயா, இந்தா ஒரு ஸ்டிக்கர்’ என்பது வேலை செய்யும். பயிற்சியில் சொல்லித்தருவது பெரும்பாலும் இந்த வகை: ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அருகில் போய்க் கண்ணைப் பார்த்து, சிறு வாக்கியமாக. நல்லது நடந்தால் அந்த நொடியே பாராட்டு. சின்னக் குறும்பைக் காணாததுபோல் விடுவது. தண்டனை இருந்தால் சிறிதாக, உடனே, எப்போதும் ஒரே மாதிரி. தினமும் சில நிமிடம் குழந்தை சொல்லும் விளையாட்டை, திருத்தாமல், சேர்ந்து விளையாடுவது. இந்தக் கடைசி விஷயம்தான் பலருக்குக் கடினமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று இலக்குகளை மட்டும் எழுதிய ஓர் அட்டையை ஆசிரியர் தினமும் குறித்து வீட்டுக்கு அனுப்புவது எளிது, பலனும் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கே ஏடிஎச்டி இருப்பதும் சகஜம். அட்டையைத் தொலைப்பது யார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

என் கணவருக்கு ஏடிஎச்டி. நான் மனைவியா, அவருக்கு அம்மாவா என்றே தெரியவில்லை.

ஒருவர் நினைவூட்டுகிறார், இன்னொருவர் ஒதுங்குகிறார். ஒதுங்க ஒதுங்க நினைவூட்டலில் காரம் ஏறுகிறது. இந்தச் சுழலில் இருவருமே களைத்துப்போகிறார்கள். சேர்ந்து போகும் தெரபியில் முதலில் செய்வது, நினைவூட்டும் வேலையை உங்கள் தலையிலிருந்து இறக்கி ஒரு பொருளுக்கு மாற்றுவது: சுவரில் பலகை, பொதுக் காலண்டர், வாரம் ஒரு முறை 20 நிமிடக் கணக்குப் பேச்சு. அவருக்கு ஏடிஎச்டி இருப்பது காரணம்தான், சலுகைச் சீட்டு இல்லை. அதை அவரிடம் நீங்கள் சொல்வதைவிட மூன்றாவது ஆள் சொன்னால் சண்டையில்லாமல் போகும்.

குழுவாக நடக்கும் தெரபிக்குப் போகலாமா? கூச்சமாக இருக்கிறது.

போங்கள். மேரி சொலான்டோ குழு 2010இல் 88 பெரியவர்களிடம் செய்த ஆய்வில், நேரம், திட்டமிடல் பற்றிய 12 வாரக் குழுப் பயிற்சி, வெறும் ஆதரவுப் பேச்சுக் குழுவைவிட நல்ல பலன் தந்தது. கூச்சத்துக்கு ஒரு தகவல்: நான் போன குழுவில் முதல் நாள் சரியான நேரத்துக்கு வந்தவர் நடத்துபவர் மட்டும்தான்.

மனச்சோர்வும் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

இரண்டும் சேர்ந்து வருவது அடிக்கடி நடப்பதே. எது இப்போது அதிகம் முடக்குகிறதோ அதைத்தான் மருத்துவர்கள் பொதுவாக முதலில் எடுப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் இந்தக் கேள்வி பதிலை மூடிவிட்டு இப்போதே ஒருவரை அழையுங்கள். மருத்துவரோ, அவசர உதவி எண்ணோ, பக்கத்தில் இருப்பவரோ.

நியூரோஃபீட்பேக், மூளைப் பயிற்சி கேம், கோச்சிங்?

நியூரோஃபீட்பேக், அதாவது மூளை அலைகளைத் திரையில் காட்டி அவற்றை மாற்றப் பழக்குவது: யாருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியாதவர்கள் மதிப்பிடும்போது பலன் மங்கிவிடுகிறது. செலவைப் பார்த்தால் நான் போக மாட்டேன். கேம்: 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கான ஒரு வீடியோ கேமை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அனுமதித்தது, கணினியில் வைக்கும் கவனத் தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் தேர்வு வேறு, காலையில் பள்ளிக்குக் கிளம்புவது வேறு. கோச்சிங்: நல்லவர் கிடைத்தால் உபயோகம்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் கோச் என்று சொல்லிக்கொள்ளலாம், மனச்சோர்வுக்கு அவரிடம் மருந்தில்லை.

நல்ல தெரபிஸ்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை வாரம் ஆகும்?

பட்டங்களைப் பாருங்கள், ஏடிஎச்டி உள்ள பெரியவர்களோடு வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். அப்புறம் இந்த ஒரு கேள்வி: “பேசிவைத்ததைச் செய்யாமல் நான் வந்தால் என்ன செய்வீர்கள்?” ‘உங்களுக்கு ஆர்வம் இருக்க வேண்டும்’ என்று ஆரம்பித்தால் வேறு ஆளைத் தேடலாம். ‘ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மெசேஜ் அனுப்புவேன்’, ‘இங்கேயே ஐந்து நிமிடம் சேர்ந்து ஆரம்பிப்போம்’ என்பதுபோல் பதில் வந்தால் நம்பிப் போகலாம். ஆன்லைனில் பார்ப்பதும் சரிதான். கிளம்பிப் போகும் வேலை மிச்சம்.

ஆய்வுகளில் வரும் திட்டங்கள் 12 அமர்வு அளவில் இருக்கும். நிஜத்தில் கொஞ்சம் கூடும். பலன் தெரிகிறதா என்று மனநிலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் மனநிலை காலையும் மாலையும் மாறும். தொடங்கும் முன்பே எண்ணக்கூடிய இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்தவை: மாதத்தில் கட்டிய அபராதம் எத்தனை, வாரத்தில் நேரத்துக்குப் போன நாள் எத்தனை. மூன்று மாதம் கழித்தும் எண்கள் அசையவில்லை என்றால் அதைத் தெரபிஸ்ட்டிடமே எடுத்து வைத்துப் பேசுங்கள்.

ஆறு வாரம் போனேன், அப்புறம் ஒரு நாள் மறந்தேன், வெட்கத்தில் போவதையே விட்டுவிட்டேன். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. என்ன முகத்தோடு திரும்பிப் போவது?

இப்படி விட்டுப்போனவர்கள் ஏடிஎச்டி பார்க்கும் தெரபிஸ்ட்டுக்குப் புதிதில்லை; நீங்கள் ஐந்து மாதமாக ஒத்திகை பார்க்கும் அந்த விளக்கத்தை அவர் கேட்கப்போவதும் இல்லை. அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்: ‘நடுவில் விட்டுவிட்டேன். மறுபடி வரலாமா?’ இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனிலேயே அனுப்பிவிடுங்கள், வாசகத்தை அழகாக்க உட்கார வேண்டாம். பதில் வந்ததும் தேதியைக் காலண்டரில் போட்டு, அதற்கு முந்தின நாள் மாலைக்கு ஒன்று, கிளம்ப வேண்டிய நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு அலாரம் வையுங்கள். கிளம்ப வேண்டிய நேரம் என்று நீங்கள் நினைப்பதற்கு 25 நிமிடம் முன்னால்.